கொடைக்கானலில் ரோல் ஐஸ்கிரீம்: முதல்முறை போகிறவர்களுக்கு

போன மே மாதம் மதுரையிலிருந்து சித்தி குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சித்தப்பா, கல்லூரியில் படிக்கிற மகள், ஏழாவது படிக்கிற பையன். வண்டியை விட்டு இறங்கியதும் பையன் ஏரியைக் கேட்கவில்லை, படகைக் கேட்கவில்லை. “அண்ணே, கல்லுல ஊத்தி, கொத்தி, சுருட்டிக் கொடுப்பாங்களாமே, அந்த ஐஸ்கிரீம் கடை எங்க இருக்கு?” என்றுதான் கேட்டான். “இந்தக் குளிர்ல எவனாச்சும் ஐஸ்கிரீம் திம்பானா?” என்று சித்தப்பா ஓர் அதட்டல் போட்டார். மறுநாளே போய்விட்டோம்.

ஒவ்வொரு சீசனிலும் சொந்தக்காரர்களை அந்தக் கடைக்குக் கூட்டிப்போகிற பொறுப்பு எனக்குத்தான் வருகிறது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கடை, சனி ஞாயிறில் வாசல்வரை கூட்டம் நிற்கும். புதிதாக வருகிற பலர் போர்டில் உள்ள படத்தைக் கைகாட்டி “இதுல ஒண்ணு” என்று சொல்லிவிட்டு, மேசைக்குப் போய் உட்கார்ந்து செல்போனை எடுத்துவிடுகிறார்கள். கோப்பை வந்ததும் ஒரு போட்டோ, நாலு கரண்டி, முடிந்தது. எனக்கு அதைப் பார்க்கவே மனசு கேட்காது. ரோல் ஐஸ்கிரீம் நீங்கள் கேட்ட பிறகுதான், உங்கள் கண்ணெதிரே, இரண்டு மூன்று நிமிடத்தில் உருவாகிறது. கல்லுக்குப் பக்கத்தில் நின்று, பார்த்து, கேட்டு வாங்குகிறவருக்குக் கிடைக்கிற கோப்பையே தனி. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

தவா ஐஸ்கிரீம், ரோல் ஐஸ்கிரீம் என்று இரண்டு பெயரும் நம் பக்கத்தில் வழங்குகிறது. மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்துத் தருகிற ஐஸ்கிரீம் ஒன்று உண்டு. அது வேறு, இதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

ரோல் ஐஸ்கிரீம் தாய்லாந்துத் தெருக்கடைகளிலிருந்து கிளம்பியது. அங்கே இதற்கு ‘ஐ டிம் பட்’ என்று பெயர். ‘பட்’ என்றால் சட்டியில் போட்டுக் கிளறி வதக்குவது. நூடுல்ஸை வதக்கிச் செய்கிற ‘பட் தாய்’ என்ற பண்டத்தில் வருவதும் அதே சொல்தான். ஆக, வதக்கிய ஐஸ்கிரீம் என்று பொருள். மலேசியா, கம்போடியா, பிலிப்பைன்ஸ் என்று பரவி, 2015ஐ ஒட்டி அமெரிக்காவிலும் பிடித்துக்கொண்டு, நம் ஊர்ப் பொருட்காட்சி, மால், மலைப்பிரதேசம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

மதுரைக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். கொத்துப் பரோட்டாக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லுக்கு அடியில் அடுப்பு இருக்கிற இடத்தில் கம்ப்ரசர் இருக்கிறது, அவ்வளவுதான். கல் என்று சொல்கிறேனே தவிர, அது வட்டமான அல்லது சதுரமான எவர்சில்வர் தட்டு. மைனஸ் 20, மைனஸ் 30 டிகிரி வரை குளிர்ந்திருக்கும். பாலும் க்ரீமும் சர்க்கரையும் கலந்த திரவத்தை அதில் ஊற்றினால் பட்ட இடத்திலேயே உறையத் தொடங்கிவிடும்.

உறைகிற வேகம்தான் இதன் வழவழப்புக்குக் காரணம். மெதுவாக உறைந்தால் பனித்துகள்கள் பெரிதாக வளர்ந்து நாக்கில் நறநறவென்று தட்டுப்படும். சட்டென்று உறைந்தால் அவை வளர நேரம் இருக்காது. இன்னொன்று காற்று. டப்பாவில் வருகிற ஐஸ்கிரீமைக் காற்றோடு சேர்த்துக் கடைந்து உறைய வைக்கிறார்கள். சிலவற்றில் பாதி அளவு வரை காற்றாகவே இருக்கும். ரோல் ஐஸ்கிரீமில் அப்படிக் காற்றை ஏற்றுகிற வேலை கிடையாது. அதனால் கோப்பை சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது கெட்டியாக இருக்கும். “இவ்வளவுதானா?” என்று சித்தி கேட்டார். நாலு வாய்க்குப் பிறகு அந்தக் கேள்வி திரும்ப வரவில்லை.

எப்போது போவது

மலை ஏறி வந்து வண்டியை விட்டு இறங்கிய கையோடு வேண்டாம். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டு வழியாக வந்தாலும் சரி, பழனி வழியாக வந்தாலும் சரி, அந்த வளைவுகளில் வயிறு ஒருமுறை புரண்டுதான் வரும். அதன்மேல் பால், க்ரீம், சாக்லேட் என்று இறக்கினால் பிள்ளைகளுக்குக் குமட்டும். அறைக்குப் போய், சூடாக எதையாவது குடித்து, இரண்டு மணி நேரமாவது ஆற விடுங்கள். சொந்த வண்டியில் வருகிறவர்கள் ஆன்லைனில் வாங்குகிற அனுமதிச் சீட்டான இ-பாஸ் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு அந்த வேலை இல்லை.

கூட்டம் குறைந்த நேரமாகப் போனால் நல்லது. வரிசையில் நிற்கிற அலுப்பை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அந்தத் திரவத்தின் சூடு கல்லுக்குள் இறங்குகிறது. கம்ப்ரசர் அதை மறுபடி இழுத்து வெளியே தள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆர்டர் மேல் ஆர்டராக ஓடும்போது கல்லுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சுருள் தளர்ந்து, கோப்பைக்குள் விழும்போதே சாய்ந்துவிடும். வாரநாளில், காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே போய்ப் பாருங்கள். கல்லும் நன்றாக இருக்கும், செய்கிறவரும் நாலு வார்த்தை பேசுவார்.

மழைக்காலத்தில் வருகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: “கரண்டு இப்பத்தான் வந்துச்சா?” காற்றும் மழையுமாக இருக்கும் நாளில் மின்சாரம் போய்ப் போய் வரும். வந்த உடனே கல் குளிர்ந்துவிடாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஏரிப்பக்கம் நடந்துவிட்டு வருவது மேல்.

குளிரில் ஐஸ்கிரீமா என்று தயங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சளி பிடிப்பது வைரஸால், ஐஸ்கிரீமால் இல்லை. இழுப்பு, தொண்டைத் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் தங்கள் உடம்பைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். மற்றவர்களுக்கு இந்தக் குளிர் பெரிய சௌகரியம். மதுரை வெயிலில் மூன்றாவது சுருளுக்கு வருவதற்குள் அடியில் பாயசம் தேங்கிவிடும். இங்கே மே மாதப் பகலிலேயே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நிதானமாகச் சாப்பிடலாம்.

ஆர்டர் சொல்வதற்கு முன்னால்

சுவரில் உணவுப் பாதுகாப்பு உரிமச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். 14 இலக்க எண் இருக்கும். பிறகு கல்லைப் பாருங்கள், கரண்டியைப் பாருங்கள். ஓர் ஆர்டர் முடிந்ததும் கல்லைச் சுரண்டித் துடைக்கிறார்களா, துடைக்கிற துணி எப்படி இருக்கிறது, பால் கலவையை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கிறார்களா, இல்லை வெளியிலேயே கேனில் நிற்கிறதா. இந்தக் கல் உறைய வைக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது. தோசைக்கல்லில் சூட்டுக்கு எல்லாம் செத்துவிடும் என்று நாம் நிம்மதியாக இருப்போமே, அந்த நிம்மதி இங்கே கிடையாது. அதனால் சுத்தத்தில் கறாராக இருங்கள்.

கலவை பால் க்ரீமில் செய்ததா, தாவரக் கொழுப்பில் செய்ததா என்றும் கேட்கலாம். நம் நாட்டு விதிப்படி வெறும் ‘ஐஸ்கிரீம்’ என்று பெயர் போட்டு விற்பதில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். தாவர எண்ணெயோ தாவரக் கொழுப்போ சேர்த்திருந்தால் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்றுதான் சொல்ல வேண்டும். கெடுதி என்று இல்லை. ஆனால் வாயில் ஒரு மெழுகுப் படலம் மாதிரி நிற்கும். பால் வாசம் வேண்டும் என்பவர்களுக்கு அது ஒப்பாது.

அடுத்தது முக்கியம். சில வருடங்களுக்கு முன் வேறொரு கடையில் உறவுக்காரப் பெண்ணுக்கு மாம்பழம் மட்டும் போட்டு ஒன்று வாங்கினோம். அவளுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. மாம்பழத்தில் கடலை எங்கிருந்து வரும் என்று நாங்கள் வாயைத் திறக்கவில்லை. முந்தைய ஆர்டரில் கடலை மிட்டாய்த் தூள் போட்டுக் கொத்தியிருக்கிறார்கள். கல்லின் ஓரத்தில் ஒட்டியிருந்த துணுக்கு இவள் சுருளுக்குள் வந்துவிட்டது. உதடு தடித்து, முகமெல்லாம் அரிப்பு. மாத்திரை கையில் இருந்ததால் சமாளித்தோம். ஒரே கல், ஒரே கரண்டிகள், எல்லாருக்கும். கடலை, முந்திரி, பாதாம் எதுவானாலும் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதல் வேலையாக அதைச் சொல்லி, கல்லையும் கரண்டியையும் கழுவி, உங்கள் கண்முன்னால் செய்யச் சொல்லுங்கள். லேசாகப் பட்டாலே மூச்சுத் திணறும் அளவுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த மாதிரி பொதுக்கல்லில் சாப்பிடவே வேண்டாம். மனசு கஷ்டமாக இருந்தாலும் அதுதான் சரி.

பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே மேலே வருகிறவர்கள் நிறையப் பேர். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பிரவுனி, கேக் துண்டு சேர்ப்பதற்கு முன் முட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். மார்ஷ்மெல்லோ என்கிற பஞ்சு மிட்டாய்க் கட்டியில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டுத் தோல், எலும்பு மாதிரியானவற்றிலிருந்து எடுப்பது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வருத்தப்பட வேண்டாம்.

எதைக் கேட்பது

போர்டில் முதலில் கண்ணில் படுவது பிஸ்கட்டும் பிராண்டு சாக்லேட்டும்தான். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், வாங்கிக் கொடுங்கள். ஆனால் அவை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும். பழனி மலைக்கு வந்துவிட்டு அதையே சாப்பிட்டுத் திரும்புவதில் எனக்குச் சம்மதம் இல்லை. இந்த மலையில் விளைகிற பழம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். போர்டில் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும்.

என் முதல் சிபாரிசு மலைவாழை. விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்தின் உயிரே விருப்பாச்சிப் பழம்தான். அந்தப் பஞ்சாமிர்தமும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. தோல் கறுக்கத் தொடங்கிய, நன்றாகக் கனிந்த பழமாக ஒன்றரைப் பழம், இரண்டு பேரீச்சம்பழம், ஒரு சிட்டிகை ஏலக்காய்த்தூள். சாதாப் பால் கலவையில் போட்டுக் கொத்தச் சொல்லுங்கள். மேலே அரைக் கரண்டி தேன். வாயில் வைத்ததும் எங்கே நிற்கிறோம் என்று நாக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு வேண்டுகோள்: கோயில் பிரசாதத்தை டப்பாவோடு கொண்டுவந்து கல்லில் கொட்டச் சொல்லாதீர்கள். அது பிரசாதம். அதே பொருள்களைத் தனியாகப் போட்டாலே போதும்.

மலைவாழை இங்கே நன்றாக வருவதற்குக் காரணமும் இருக்கிறது. அந்தப் பழத்தில் தண்ணீர் குறைவு, சதை கெட்டி. பால் கலவையோடு பிசைந்தால் ஒட்டிக்கொண்டு பசைபோல ஆகும், சுருள் உடையாமல் வரும். தர்பூசணி மாதிரி தண்ணீர்ப் பழத்தைப் போட்டால் அந்தத் தண்ணீர் தனியாக உறைந்து ஐஸ் துண்டாக நிற்கும்.

பட்டர் ஃப்ரூட் என்கிற அவகாடோவும் அப்படித்தான், சொல்லப்போனால் இன்னும் மேல். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் விளைகிறது. மலைப்பாதை ஓரக் கடைகளில் குவித்து வைத்திருப்பார்கள். பழத்திலேயே கொழுப்பு இருப்பதால் சுருள் பட்டுத்துணி மாதிரி வரும். ஆனால் தனியாக அதற்கு ருசி மந்தம். நாட்டுச்சர்க்கரையோ தேனோ கொஞ்சம் கூடச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மே, ஜூன் வாக்கில் வந்தால் பிளம்ஸ் கிடைக்கும். தோலோடு பொடியாக நறுக்கிக் கொத்தினால் இளஞ்சிவப்பாக, புளிப்பும் இனிப்புமாக வரும். பேஷன் ஃப்ரூட் கிடைத்தால் கல்லில் போட விடாதீர்கள். புளிப்புச் சாறு, பால் கலவையை நீர்க்கச் செய்துவிடும். சுருட்டி முடித்த பிறகு விதையோடு மேலே ஊற்றிக் கொள்ளுங்கள். அந்த விதை கடிபடுகிற சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

காப்பிப் பிரியர்களுக்கு: தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரத்தில் காப்பித் தோட்டங்கள் உண்டு. கெட்டி டிகாஷன் வைத்திருந்தால் இரண்டு கரண்டி சேர்த்து, ஊரில் வீட்டில் செய்து விற்கிற கசப்பு சாக்லேட்டில் ஒரு துண்டைச் சேர்த்துக் கொத்தச் சொல்லிப் பாருங்கள். பெரியவர்களுக்கு இது பிடிக்கிறது.

பழம் நீங்களே வாங்கி வந்து தரலாமா? சில கடைகளில் ஒப்புக்கொள்வார்கள், கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால். “அண்ணே, சந்தையில பழம் வாங்கிட்டு வந்திருக்கேன், இதைப் போட்டுத் தர முடியுமா? முழு விலையும் கொடுத்துடுறேன்” என்று கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். அவர்களுக்கும் வியாபாரம் இருக்கிறது.

கல் முன்னால் நிற்கிற மூன்று நிமிடம்

இப்போது மேசைக்குப் போகாதீர்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், கல் தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். பிள்ளைகள் கையை நீட்டி கல்லைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரக்கை அந்தக் குளிரில் அப்படியே ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் தோல் உரியும்.

அன்று எங்களுக்குச் செய்தவர் இருபது இருபத்திரண்டு வயதுத் தம்பி. காதை மூடிக் குல்லா போட்டிருந்தார். வெளியே மூடுபனி. கதவு திறக்கும்போதெல்லாம் அது கடைக்குள்ளும் எட்டிப் பார்த்தது. அந்த ஈரம் கல்மேல் உட்கார்ந்து, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. மலையில் இது எப்போதும் நடக்கும். அவர் முதலில் அந்தப் பனியைச் சர்ர்ரென்று சுரண்டி வெளியே தள்ளி, துணியால் ஓர் இழுப்பு இழுத்தார். இதை நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். அந்த வெள்ளையின் மேலேயே ஊற்றினால் பச்சைத்தண்ணீர் ஐஸ் உங்கள் கோப்பைக்குள் வரும். சுரண்டவில்லை என்றால் சொல்லலாம், தப்பில்லை.

ஒரு டம்ளர் கலவையை நடுவில் ஊற்றினார். ஓரம் உடனே வெளுத்து, தோசை ஓரம் முறுகுவது மாதிரி சுருங்கியது. நடுவில் இன்னும் பாலாகவே இருந்தது. மலைவாழையும் பேரீச்சையும் விழுந்தன. இரண்டு கையிலும் இரண்டு தகடு, சுவரில் பட்டி பார்க்கிறவர் வைத்திருப்பாரே அது மாதிரி. டக டக டக என்று ஆரம்பித்தார். பையன் வாயைப் பிளந்தபடி, “அக்கா, நம்ம தெரு பரோட்டா மாஸ்டர் மாதிரியே அடிக்கிறாருக்கா” என்றான். மாஸ்டரானால் சூட்டில் வியர்த்துக்கொண்டு அடிப்பார். இந்தத் தம்பி குல்லாவோடு அடித்தார்.

பழம் மசிந்து கலவை கூழ்பதம் வந்ததும், தகட்டைப் படுக்க வைத்து மெல்லிசாக இழுத்தார். இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஒரே கனம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். அப்புறம் கையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றார். ஒன்றுமே நடக்காத மாதிரி தெரிகிற இந்த அரை நிமிடத்தில்தான் எல்லாம் முடிவாகிறது. பரப்பியதும் மேல்பரப்பு பளபளவென்று விளக்கு வெளிச்சத்தைக் காட்டும். உறைய உறைய அந்தப் பளபளப்பு ஓரத்திலிருந்து அடங்கிக்கொண்டே நடுவுக்கு வரும். முழுவதும் அடங்கியதும் சுருட்ட வேண்டும். அவசரப்பட்டால் தகட்டில் களி மாதிரி அப்பும். தாமதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். “எப்படித் தம்பி தெரியும்?” என்று கேட்டேன். “சத்தம்ணே” என்றார். தகட்டு முனையால் ஓரத்தில் லேசாகத் தட்டிக் காட்டினார். முதலில் மொத்தென்று கேட்டது. சிறிது நேரம் கழித்துத் தட்டினார், டொக்கென்று கேட்டது. உடனே குனிந்து, தகட்டை ஏறக்குறையப் படுக்க வைத்து ஒரே தள்ளு. கல்லிலிருந்து ஒரு பட்டை பெயர்ந்து, தானாகவே சுருண்டு, தகட்டின் முன்னால் பாய்போல உருண்டு வந்தது. ஐந்து தள்ளு, ஐந்து சுருள். கோப்பைக்குள் நிறுத்தி வைத்தபோது பக்கத்தில் பக்கத்தில் நின்றன, ஒன்றுகூடச் சாயவில்லை.

“சர்க்கரை கம்மியாப் போடுங்க” என்று பலர் கேட்கிறார்கள். கலவையில் ஏற்கெனவே சர்க்கரை கலந்துதான் வைத்திருப்பார்கள், அதைக் குறைக்க முடியாது. சர்க்கரைக்கு இதில் இனிப்பைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. அது உறைநிலையைக் கீழே இறக்கி, சுருளை வளைகிற பதத்தில் வைக்கிறது. சர்க்கரை போதாவிட்டால் உடையும், கூடினால் இளகிச் சுருளாது. சாக்லேட் சிரப்பைக் கல்லிலேயே நிறைய ஊற்றச் சொன்னால் சுருள் தொய்ந்துபோவது இதனால்தான். இனிப்புக் குறைய வேண்டும் என்றால் மேலே ஊற்றுகிற சிரப்பை வேண்டாம் என்று சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டார் கோப்பையில் ஒரு சுருளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மேலே தூவுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. சில கடைகளில் ஒவ்வொன்றுக்கும் தனிக்காசு, விலையைக் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள்.

சாப்பிடும்போது

போட்டோ எடுக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு நேரம் இருக்கிறது. சொல்லப்போனால் ஒரு நிமிடம் காத்திருப்பதே நல்லது. கல்லிலிருந்து எடுத்த சுருள் கடுங்குளிராக இருக்கும், அந்தக் குளிரில் நாக்குக்கு இனிப்பும் மணமும் சரியாகத் தெரியாது. உருகிய ஐஸ்கிரீம் திகட்டுகிற மாதிரி இனிப்பது அதனால்தான். சுருளின் வெளிவிளிம்பு லேசாக மினுக்கத் தொடங்கும்போது ஆரம்பியுங்கள். கொடைக்கானல் குளிரில் அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும்.

கரண்டியை மேலிருந்து குத்தாதீர்கள், நொறுங்கும். ஒரு சுருளை ஓரத்தில் பிடித்து மெல்லப் பிரித்துப் பாருங்கள், பாய் விரிகிற மாதிரி விரியும். அந்தப் பட்டையில் ஒரு துண்டை நாக்கின்மேல் வைத்துக் கரைய விடுங்கள். ஏலக்காய் முதலில் வரும், வாழைப்பழம் பின்னால் வரும், பேரீச்சை கடைசியில் பல்லில் நிற்கும். வேகமாக விழுங்கினால் நெற்றியில் சுரீரென்று ஒரு வலி பாயும். மேலண்ணம் திடீரென்று குளிர்வதால் வருவது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி வைத்தாலோ, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு வாய் குடித்தாலோ சீக்கிரம் விட்டுவிடும். பையனுக்கு இரண்டாவது சுருளிலேயே வந்தது.

இரண்டு பேருக்கு ஒரு கோப்பை என்று ஆரம்பிப்பதுதான் என் வழக்கம். கெட்டியான பண்டம், மிஞ்சிப் போனால் வீணாகும்.

கடைக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கோப்பையோடு கோக்கர்ஸ் வாக் என்கிற மலைவிளிம்பு நடைபாதைப் பக்கம் நடக்கலாம் என்று நினைத்தால் குரங்கு உங்களுக்கு முன்பே அதைப் பார்த்துவிடும். பிடுங்கும்போது நகம் பட்டால் ஊசி போடுகிற வேலை வந்து சேரும். கோப்பையையும் மரக்கரண்டியையும் குப்பைத்தொட்டியிலேயே போடுங்கள். இனிப்பு ஒட்டிய கோப்பை சாலையில் கிடந்தால் காட்டுமாடு வந்து மெல்லும். ஊருக்குள்ளேயே அவை நடமாடுகின்றன. குப்பை மேலும் சேராமல் இருக்க, தண்ணீருக்கு வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுவந்துவிடுங்கள்.

பார்சல்?

கிளம்பும்போது சித்தி கேட்டார், “அவருக்கு ஒண்ணு கட்டிக் குடுங்க தம்பி.” சித்தப்பா அன்று வரவில்லை, குளிர் என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டார். கடைத் தம்பி தலையை ஆட்டினார். “கட்டித் தந்துடுவேன்மா, ஆனா வீட்டுக்குப் போறதுக்குள்ள சுருள் இருக்காது.” உண்மை. உருகியதை வீட்டு ஃப்ரீசரில் வைத்தாலும் மெதுவாக உறைந்து பனித்துகள் பெருத்துவிடும். காற்றும் இல்லாததால் கல்லாகிவிடும், கரண்டி இறங்காது. இதற்குப் பார்சல் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பதினொரு மணிக்கு சித்தப்பாவையே கூட்டிக்கொண்டு போனோம். மப்ளரும் ஸ்வெட்டருமாக வந்தார். மேசையில் உட்காரவில்லை, நேராகக் கல் முன்னால் போய் நின்றார். “என்ன போடட்டும் ஐயா?” என்று அந்தத் தம்பி கேட்டதற்கு, “பஞ்சாமிர்தம் மாதிரி ஒண்ணு போடுவீங்களாமே, அது” என்றார்.